மஞ்சள் கேள்விக்குறிக்குப் பின்னால்: பழைய கணினிகளுக்கு டிரைவர் சேர்த்து வைப்பவர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணன் கடை வைத்திருக்கிறார். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, கார் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர், எல்லாம் அங்கேதான். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கும் தண்ணீர்ப்பந்தல்களில் நான்கைந்திலாவது இவர் வெட்டிக் கொடுத்த எழுத்துகள் இருக்கும். வெட்டுவது ஒரு ஸ்டிக்கர் கட்டர். அதை ஓட்டுவது 2007 வாக்கில் வாங்கிய ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கணினி. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. தெரிந்த பையன் ஒருவன் வந்து புது டிஸ்க் மாட்டி, எக்ஸ்பி ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

"தம்பி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்தான் அதைப் பார்த்து நீ யாருன்னு கேக்குது."

டிரைவர் என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விண்டோஸோ லினக்ஸோ, எந்த இயங்குதளத்துக்கும் தானாக ஒரு பிரிண்டரையோ நெட்வொர்க் கார்டையோ ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதமாகப் பேசும்: எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் அது விழித்துக்கொள்ளும், தரவு வந்துவிட்டதை எப்படித் தெரிவிக்கும், எவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். அவன் எழுதிக் கொடுக்கும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். அது இல்லையென்றால் சிப் உயிரோடு இருந்தும் ஊமை. பழைய கணினிகளைத் தூக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் "கெட்டுப்போச்சு" என்கிறார்கள், ஆனால் நான் திறந்து பார்த்தவற்றில் பாதிக்கு மேல் பாகங்கள் நன்றாகவே இருந்தன. அவற்றின் பேச்சைப் புரியவைக்கும் கோப்புதான் எங்கேயோ தொலைந்திருந்தது.

புதுக் கணினி வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். அண்ணனிடம் பதினைந்து வருடத்துக் கார்டுகள் யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கின்றன, அவற்றைத் திறக்கும் டிசைன் மென்பொருளும் அதற்குள் கட்டருக்கு ஆணை அனுப்பும் சேர்க்கையும் எக்ஸ்பியைத் தாண்டி வரவில்லை. கட்டரோ இன்னும் பத்து வருடம் ஓடும். சரி, எக்ஸ்பியிலேயே உயிர்ப்பிக்க வேண்டியதுதான்.

போய் உட்கார்ந்து, கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வரிசையாக மஞ்சள் கேள்விக்குறிகள். நெட்வொர்க் இல்லை, சவுண்டு இல்லை, திரை 640-க்கு 480-ல் பெரிய பெரிய எழுத்தாக நிற்கிறது, கட்டரின் கேபிள் வேலை செய்யவில்லை. நெட்வொர்க் டிரைவரை எடுக்க இணையம் வேண்டும், இணையத்துக்குப் போக நெட்வொர்க் டிரைவர் வேண்டும். பழைய கணினியில் கை வைத்த எல்லோரும் இந்தச் சுவரில் ஒருமுறையாவது முட்டியிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கேள்விக்குறி வெறும் கேள்விக்குறி இல்லை. அதன் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் என்று போனால் ஒரு நீளமான எண் வரும். பிசிஐ என்ற இணைப்பு வழியாக மதர்போர்டோடு பேசும் சாதனம் ஒவ்வொன்றும் தன்னுடைய பெயரை எண்ணாகத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது: முதல் பாதி அதைச் செய்த கம்பெனி, அடுத்த பாதி எந்தச் சிப் என்பது. கம்பெனி எண்ணை பிசிஐ-சிக் என்ற தொழில் அமைப்பு ஒதுக்கித் தருகிறது. இன்டெல்லின் எண் 8086, 1978-ல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏடிஐ 1002, வியா 1106. யுஎஸ்பியிலும் இதே ஏற்பாடுதான், எண்களைக் கொடுக்கும் அமைப்பு மட்டும் வேறு. பெட்டியின் மேல் எந்த பிராண்டு அச்சடித்திருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் இந்த எண்ணைத்தான் சொல்லும். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலும் பினாங்கு பிராங்கின் மாலிலும் இருக்கும் கணினிக் கடைகளில் ஒரு காலத்தில் பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டிகளில் நெட்வொர்க் கார்டுகள் குவிந்து கிடந்தன. திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி ரியல்டெக் 8139 சிப்பாகத்தான் இருக்கும்.

பழைய வன்பொருளைக் காப்பாற்றும் கூட்டு முயற்சிகளில் முதலாவதாக நான் சொல்ல நினைப்பது டிரைவர் தொகுப்பைக்கூட இல்லை, இந்த எண்களின் பட்டியலைத்தான். பிசிஐ ஐடி களஞ்சியம் என்று ஒன்று இருக்கிறது. எந்த எண் எந்தக் கம்பெனி, எந்தச் சிப், யாருடைய கார்டில் வந்தது என்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் எழுதிச் சேர்த்த ஒரே ஓர் எழுத்துக் கோப்பு. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்று தட்டினால் சாதனங்களின் பெயர்கள் அழகாக வருகிறதே, அவை அந்தக் கோப்பிலிருந்துதான் வருகின்றன. இதில் எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை, வைரஸ் பயமும் இல்லை, வெறும் பெயரும் எண்ணும். அது இல்லாவிட்டால் ஆயிரம் டிரைவர் வைத்திருந்தாலும் எது யாருக்கு என்று தெரியாது. கல்யாண வீட்டில் மொய்க் கவர் நிறைய இருக்கிறது, எதிலும் பெயர் எழுதவில்லை என்றால் என்ன செய்வது, அந்த மாதிரி.

விண்டோஸ் டிரைவரிலும் இந்த எண்தான் சாவி. ஒவ்வொரு டிரைவரோடும் ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு கோப்பு வரும், அது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. "இந்த எண்ணோடு ஒரு சாதனம் வந்தால், இந்தக் கோப்பை இங்கே வை, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில்) இதை எழுது" என்று அதில் இருக்கும். டிரைவர் தொகுப்பு செய்பவர்களின் வேலை அடிப்படையில் இதுதான்: ஆயிரக்கணக்கான ஐஎன்எஃப் கோப்புகளைச் சேர்த்து, எல்லா எண்களையும் அட்டவணையாக்கி, நம் கணினி சொல்லும் எண்ணுக்கு எது பொருந்தும், பொருந்துவதில் எது நல்லது என்று சொல்வது.

இதற்கான தேவை எக்ஸ்பி காலத்தில்தான் உச்சத்துக்குப் போனது. எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில், சாட்டா ஹார்ட் டிஸ்குகள் வீட்டுக்கு வீடு வந்தது அதற்குப் பிறகு. அந்த டிஸ்குகள் கணினியோடு பேசும் ஏஎச்சிஐ என்ற முறை எக்ஸ்பி சிடிக்குத் தெரியாது. நிறுவும்போது எஃப்6 பொத்தானை அழுத்தி, பிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். பிளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினியில் பிளாப்பி கேட்டு நிற்கும், கொடுக்காவிட்டால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை. அந்தக் கொடுமையிலிருந்துதான் டிரைவர்பேக்ஸ் போன்ற தொகுப்புகள் வளர்ந்தன. டிஸ்க், நெட்வொர்க், சிப்செட், சவுண்டு, கிராஃபிக்ஸ் என்று வகை வகையாகக் கட்டி வைத்திருப்பார்கள், அதை எக்ஸ்பி சிடிக்குள்ளேயே கலந்து புது சிடி எரித்துக்கொள்ளலாம். கணினிக் கடைகளில் வேலை செய்தவர்களின் பையில் அப்படி ஒரு சிடி கட்டாயம் இருக்கும்.

இன்று அந்த இடத்தில் பலரும் பயன்படுத்துவது ஸ்நாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஒரிஜின். திறந்த மூல மென்பொருள், எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 11 வரை ஓடும். தொகுப்பு முழுவதையும் டோரண்ட் வழியாக இறக்கினால் பத்துப் பத்து ஜிபியாக இடம் பிடிக்கும், ஆனால் நெட்வொர்க் டிரைவர்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், அதற்கப்புறம் அந்தக் கணினி தானே இணையத்துக்குப் போய்விடும். எக்ஸ்பிக்கும் முந்தைய காலம், அதாவது டாஸ், விண்டோஸ் 95, 98 என்றால் வோகன்ஸ் டிரைவர் நூலகம் இருக்கிறது. எந்த மதர்போர்டு என்றே தெரியாத நிலைக்கு தி ரெட்ரோ வெப் இருக்கிறது, போர்டின் படம், கையேடு, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) கோப்பு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். பழைய அவார்டு பயாஸ் கணினியில் தொடங்கும்போது திரையின் அடியில் ஓர் எண் தொடர் ஒரு நொடி வந்து போகும், அதை போனில் படம் பிடித்தால் போர்டைக் கண்டுபிடித்துவிடலாம். கார்டில் பெயரே இல்லாவிட்டாலும் எஃப்சிசி ஐடி என்று, அமெரிக்கத் தொடர்பு ஆணையத்தின் பதிவு எண் பொடியாக அச்சாகியிருந்தால் அதை வைத்துச் செய்தவர்களைத் தேடலாம்.

சரி, கம்பெனிகள் தங்கள் தளத்தில் வைத்திருந்தால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? அங்கேதான் மனசு கனக்கிறது. சில கம்பெனிகள் இல்லாமலே போய்விட்டன. 90-களின் கடைசியில் விளையாட்டுக் கணினிகளின் ராஜாவாக இருந்த வூடூ கார்டுகளைச் செய்த 3டிஎஃப்எக்ஸ், 2000 டிசம்பரில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டு கடையை மூடியது. அதற்குப் பிறகு வூடூ கார்டுகளுக்கு வந்த டிரைவர் திருத்தங்கள் எல்லாம் ரசிகர்கள் செய்தவை. சில கம்பெனிகள் இருக்கின்றன, ஆனால் பழையதைக் கழித்துக் கட்டுகின்றன. இன்டெல் 2019 நவம்பரில் தன்னுடைய பழைய டெஸ்க்டாப் போர்டுகளின் பயாஸ் கோப்புகளையும் டிரைவர்களையும் தளத்திலிருந்து எடுத்தது. 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், எஸ்எச்ஏ-1 என்ற முறையில் டிஜிட்டல் கையெழுத்திட்ட (கோப்பு அசல்தான் என்று காட்டும் முத்திரை) பழைய கோப்புகளைத் தன் டவுன்லோட் சென்டரிலிருந்து நீக்கியது. அந்தக் கையெழுத்து முறை இனிமேல் பாதுகாப்பில்லை என்பது உண்மைதான், ஆனால் நீக்கியவற்றில் பழைய கணினிகளுக்கு வேண்டியவையும் போயின. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பழைய டிரைவர்கள் நிறைய, எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறையில் இயங்கும் சர்வர்களில் இருந்தன. 2021-ல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எஃப்டிபியை விட்டுவிட்டன, கோப்பு அங்கேயே இருந்தாலும் சாதாரண ஆளுக்குக் கதவு மூடிக்கொண்டது.

இன்டெல் விஷயம் எனக்குக் கூடுதலாகத் தைப்பதற்குக் காரணம் ஊர். மலேசியாவில் அவர்கள் ஆலை வந்தது 1972-ல், பினாங்கின் பாயான் லெப்பாஸில், அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுடைய முதல் அசெம்பிளி ஆலை. அதைச் சுற்றி வளர்ந்த தொழிற்பேட்டைக்கு விடியற்காலை ஃபேக்டரி பஸ் ஏறிப் போன அக்காமார்கள் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. அண்ணனின் கணினியில் தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்தபோது பிராசசரின் மூடியில் நாட்டின் பெயர் பொறித்திருந்தது: மலாய். இந்த நாட்டுக் கைகள் கட்டி முடித்த சிப். பதினேழு பதினெட்டு வருடம் கழித்தும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

இனி மேல்நாட்டுக்காரர் யோசிக்காத ஒரு விஷயம். டிரைவர் சிடியைப் பத்திரமாக வைத்திருந்தால் போதுமே என்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சிடி பத்திரமாக இருக்காது. அண்ணன் ஒழுங்கானவர், மதர்போர்டு சிடி, கட்டர் சிடி இரண்டையும் மேஜை டிராயரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் உறை போட்டு வைத்திருந்தார். மதர்போர்டு சிடியின் விளிம்பிலிருந்து உள்ளே சிலந்திக் காலைப் போலப் பூஞ்சை ஓடியிருந்தது. சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்து, பழைய டிவிடி டிரைவில் போட்டு ராத்திரி முழுக்கப் படி எடுக்க விட்டேன். காலையில் பார்த்தால் பெரும்பாலானது வந்திருந்தது, நெட்வொர்க் ஃபோல்டர் மட்டும் வரவில்லை. இதே சிடியை எங்கோ ஒரு குளிர்நாட்டில் யாரோ முழுதாகப் படி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் அன்றைக்கு வேலை நடந்தது. ஒரே சிடி பல வீடுகளில் இருந்து, பல ஊர்களில் பழுதாகி, ஒன்றில் மட்டும் நன்றாக இருந்தாலும் போதும். கூட்டாகச் சேர்ப்பதன் பலன் இதில்தான் இருக்கிறது.

எக்ஸ்பி சிடிக்கு 8139 சிப்பைத் தெரியும், அதன் தம்பி 8168-ஐத் தெரியாது. அண்ணன் கணினியில் இருந்தது 8168. என் மடிக்கணினியில் அந்த எண்ணைத் தேடி, எக்ஸ்பிக்கான பதிப்பை எடுத்து, பென்டிரைவில் கொண்டு போய் வைத்ததும் அந்த மஞ்சள் குறி மறைந்தது. சவுண்டும் கிராஃபிக்ஸும் அதே வழியில் கால் மணி நேரம். கட்டர்தான் இரண்டு நாள் இழுத்தது.

அந்தக் கணினியின் சீரியல் போர்ட் முன்னொரு இடி மழையில் போயிருந்தது. அதனால் கட்டரை யுஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக மாட்டியிருந்தார், சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கேபிள். பையன் கேபிளுக்கு ஆகப் புதிய டிரைவரைத் தேடிப் போட்டிருந்தான். டிவைஸ் மேனேஜரில் கோட் 10, சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. பையன் மேல் தப்பே இல்லை, புதியதுதான் நல்லது என்றுதான் நம் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த வகைக் கேபிள்களில் கதை வேறு. பெயர் பெற்ற சிப்புகளைப் போலிகள் அப்படியே நகல் எடுக்கின்றன, எண்ணைக்கூட. அதைத் தடுக்கக் கம்பெனிகள் புதிய டிரைவர்களில் சோதனை வைக்கின்றன, நகல் என்று தோன்றினால் டிரைவர் வேலை செய்யாது. சில சமயம் கம்பெனியே கைவிட்ட பழைய அசல் சிப்பும் அந்த வலையில் விழுந்துவிடும். இதன் உச்சம் 2014 அக்டோபரில் நடந்தது: இந்த வகைச் சிப்புகளைச் செய்யும் எஃப்டிடிஐ கம்பெனியின் டிரைவர் ஒன்று, விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலிச் சிப்புகளின் சாதன எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிட்டது. பெயரையே அழித்தால் எந்தக் கணினியும் அதை அடையாளம் காணாது. பெரிய எதிர்ப்பு கிளம்பி அந்தப் பதிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போலியைத் தடுக்கக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போலி செய்தவன் எங்கோ சௌகரியமாக இருக்க, உள்ளே என்ன சிப் என்றே தெரியாமல் கேபிள் வாங்கிய கடைக்காரரின் மிஷின் நின்றுபோவது என்ன நியாயம்?

அண்ணனுக்கு வேண்டியிருந்தது 2008 வாக்கில் வந்த பழைய பதிப்பு. அதை ஒரு தொகுப்பில் கண்டுபிடித்தேன், யாரோ பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்திருந்தார்: இதற்கு அடுத்த பதிப்பிலிருந்து வேலை செய்யாது, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்பு எங்காவது கிடைத்திருக்கும், ஆனால் அந்த இரண்டு வரி இல்லாமல் நான் இன்னும் ஒரு வாரம் அலைந்திருப்பேன். நல்ல தொகுப்புக்கும் வெறும் குப்பைக் குவியலுக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் குறிப்புகள்தான். எந்தச் சிப்பில் போட்டுப் பார்த்தோம், எந்த விண்டோஸில், என்ன நடந்தது என்று மெனக்கெட்டு எழுதுகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதனால்தான் "உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழசு, இப்போதே புதுப்பியுங்கள்" என்று மிரட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அவை எண்ணைப் பார்க்கின்றன, தேதியைப் பார்க்கின்றன, போட்டுப் பார்த்த மனிதன் அங்கே யாரும் இல்லை. கூடவே வேண்டாத நாலு மென்பொருளையும் இறக்கிவிட்டுப் போகும். தேடலில் முதலில் வருவதும் பெரும்பாலும் இவைதான்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டிரைவர் என்பது கணினியின் கருவறைக்குள் நுழைகிற மென்பொருள். இயங்குதளத்தின் மையத்திலேயே அது ஓடுவதால் அதில் ஓட்டை இருந்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் 64-பிட் விஸ்டாவிலிருந்து மைக்ரோசாஃப்ட், கையெழுத்தில்லாத டிரைவரை மையத்தில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தது. ஆர்வலர்களுக்கு அது ஒரு தலைவலி: ஐஎன்எஃப் கோப்பில் நம் சாதனத்தின் எண்ணை ஒரு வரி சேர்த்தால் வேலை செய்யும் என்று தெரிந்தாலும், அந்த ஒரு வரி மாறியவுடன் கையெழுத்து பொருந்தாது. ஆனால் கையெழுத்து இருந்தால் மட்டும் நல்ல டிரைவர் என்று அர்த்தமில்லை. ஒரு பிரபல மதர்போர்டு டிரைவரில் இருந்த ஓட்டையை ராபின்ஹூட் என்ற பணம் பறிக்கும் வைரஸ் பயன்படுத்தியது 2020-ல் வெளியே வந்தது, முறையாகக் கையெழுத்திட்ட டிரைவர் அது. அதற்கு அடுத்த வருடம் எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் பிரிண்டர்களின் டிரைவர் ஒன்றில் 2005-லிருந்தே இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஆக, பழைய டிரைவரைப் போடும் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைப்பதுதான் என் வழக்கம். அண்ணன் கணினியிலும் எல்லாம் முடிந்ததும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், கோப்புகள் பென்டிரைவில் போய் வருகின்றன. இறக்கும் கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) எடுத்துத் தொகுப்பில் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், இரண்டு இடங்களில் ஒரே எண் இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

சட்டமும் தெளிவாக இல்லை. கம்பெனி கைவிட்டாலும் டிரைவரின் பதிப்புரிமை அவர்களுடையதுதான். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். 2008-ல் கிரியேட்டிவ் கம்பெனி, தங்கள் சவுண்டு கார்டு டிரைவர்களை விஸ்டாவில் சரியாக ஓடும்படி திருத்தி வெளியிட்ட ஓர் ஆர்வலரை நிறுத்தச் சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்து எழுந்ததும் இறங்கி வந்தார்கள். தங்கள் பொருளை வாங்கியவனுக்கு உதவியவனைக் கம்பெனி எதிரியாகப் பார்த்தால் யார் பக்கம் ஜனங்கள் நிற்பார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது.

லினக்ஸில் ஏற்பாடே வேறு. அங்கே டிரைவர்கள் பெரும்பாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே, மூல நிரலோடு இருக்கின்றன. கம்பெனி மூடினாலும் நிரல் அங்கேயே இருக்கும், கெர்னல் மாறும்போது யாராவது அதையும் சேர்த்துத் திருத்துவார்கள். பழைய பிரிண்டர்களுக்கு குட்டன்பிரிண்ட், ஸ்கேனர்களுக்கு சேன். 64-பிட் விண்டோஸுக்கு டிரைவரே வராமல் மூலையில் கிடந்த ஸ்கேனர்கள் சேனில் உயிர் பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக எல்லாம் என்றென்றைக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம், சோதித்துப் பார்க்க ஆள் இல்லாதவற்றை அங்கேயும் நீக்குவார்கள். 1991-ல் லினக்ஸ் பிறந்ததே 386 கணினியில்தான், 2013-ல் வந்த 3.8 பதிப்பில் 386-க்கான ஆதரவே போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, சில பழைய பிராட்காம் வைஃபை சிப்புகளை லினக்ஸில் ஓட்ட, அவற்றுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை விண்டோஸ் டிரைவர் கோப்பிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும், அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஆக, லினக்ஸ்காரருக்கும் பழைய விண்டோஸ் டிரைவர் தேவைப்படுகிறது.

எந்தத் தொகுப்பாலும் மீட்க முடியாதவையும் உண்டு. 2010-களின் தொடக்கத்தில் இங்கே மாணவர்களுக்கு 1மலேசியா நெட்புக்குகள் கொடுத்தார்கள், வசதி குறைந்த எத்தனையோ வீடுகளில் முதல் கணினி அதுதான். கடைகளிலும் அந்தச் சமயத்தில் நெட்புக் மயம். அந்தக் காலத்து இன்டெல் ஆட்டம் (Atom) பிராசசர்கள் சிலவற்றில் இன்டெல்லின் சொந்த கிராஃபிக்ஸுக்குப் பதிலாக இமேஜினேஷன் கம்பெனியின் பவர்விஆர் இருந்தது. ஜிஎம்ஏ 500, ஜிஎம்ஏ 3600 என்ற பெயர்களைக் கேட்டாலே நெட்புக் பழுது பார்த்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 3600-க்கு 64-பிட் விண்டோஸ் டிரைவர் வரவே இல்லை, இரண்டுக்கும் லினக்ஸில் திரை தெரியும், ஆனால் வேகப்படுத்தும் பகுதி இல்லை, ஏனென்றால் அந்த வடிவமைப்பு இன்டெல்லுக்குச் சொந்தமில்லாததால் அவர்கள் நினைத்தாலும் திறந்து காட்ட முடியாது. எழுதப்படாத டிரைவரைச் சேர்த்து வைக்க யாராலும் முடியாது. சேர்த்து வைப்பவர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் கம்பெனிகளின் முடிவுகளுக்குள்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அடுத்த அலை வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது. நம் பள்ளிகளிலும் டியூஷன் சென்டர்களிலும் கோயில் அலுவலகங்களிலும் இருக்கும் கணினிகளில் அதற்கு முந்தையவை எத்தனையோ. இப்போது அவற்றின் டிரைவர்கள் கம்பெனித் தளங்களில் இருக்கின்றன. ஐந்து வருடம் கழித்து இருக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர்களை வெளியே படி எடுத்து வைக்கலாம். விண்டோஸ் 10-ல் டிஸ்ம் என்ற கட்டளையே அதைச் செய்யும், ஐந்து நிமிட வேலை. தெரிந்தவர்கள் வீட்டுக் கணினியில் கை வைக்கும்போதெல்லாம் நான் அதை முதலில் செய்துவிடுகிறேன்.

கட்டரின் சிடி நான் தேடிய எந்தத் தொகுப்பிலும் இல்லை. பூஞ்சை ஏறாமல் தப்பித்த அதை முழுதாகப் படி எடுத்து, மாடல் எண், வெளிவந்த வருடம், எந்த விண்டோஸில் ஓடுகிறது, எந்தக் கேபிளில் நான் சோதித்தேன், எந்த டிரைவர் பதிப்பைப் போடக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி, இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டேன்.

அன்றைக்குக் கட்டர் சரியாகிவிட்டதா என்று பார்க்க எதையாவது வெட்ட வேண்டியிருந்தது. பந்தல் எழுத்தைப் போடுங்கள் என்றேன். "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் தாளில் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து அந்தப் பழைய எழுத்துருவில் தட்டினார். கத்தி இறங்கி மஞ்சள் ஸ்டிக்கரில் ஓடத் தொடங்கியது, அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து அண்ணியும் வந்து நின்றார். உரித்து எடுத்து, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் நீவி ஒட்டினார்: "நெட்வொர்க் 8168. கேபிள் 2008 டிரைவர். புதுசு போடக் கூடாது. பென்டிரைவ் சாமி படத்துக்குப் பின்னால்."